மலை உச்சியில் கொட்டிய தண்ணீர்

ஒரு மனுஷன் ஒரே ஒரு மானுக்காக இருபத்து மூன்று வருஷம் காத்திருந்தான் என்று வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வலோவா பள்ளத்தாக்கில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இங்கே தெருவுக்குத் தெரு அப்படி ஒருத்தன் உண்டு.

எல்க் மான் சுட சாதாரண அனுமதிச் சீட்டு யாருக்கும் கிடைக்கும். ஆனால் கார்னெட் ஓடைக்கு மேலே மேய்கிற பெரிய கொம்பன்களைத் தொட வேண்டுமானால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். வருஷா வருஷம் மனுப் போட வேண்டும். விழாத வருஷத்துக்கு ஒரு பாயிண்ட் சேரும், சேரச் சேர முறை கிட்டே வரும். பெயர் விழுந்த அன்றைக்கு அத்தனை பாயிண்டும் போய்விடும், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெர்லின் ஹாஸ்கெட் முதல் மனு போட்டபோது அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. பெயர் விழுந்தபோது அறுபத்தாறு. இன்னொரு தடவை விழ வேண்டுமானால் எண்பத்தொன்பது ஆக வேண்டும். அவன் அப்பா எழுபதைப் பார்க்கவில்லை.

ஆள் லேசுப்பட்டவன் இல்லை. முப்பத்தொரு வருஷம் மரலாரி ஓட்டியவன். மலை மேலே காலி லாரியோடு ஏறி, அடிமரங்களை ஏற்றிக்கொண்டு செங்குத்துச் சரிவில் இறங்குகிற பிழைப்பு. அந்தச் சரிவில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறான். புதிதாக வருகிற டிரைவர் ஒவ்வொருத்தனிடமும் ஒரே பாடம்தான் சொல்வான்: "ஏத்தம் எவனையும் கொல்லாதுடா. எறக்கம்தான் கொல்லும்." இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றான். சொன்னவனுக்கே அது மறந்து போகும் என்று யாருக்குத் தெரியும்?

இந்த வருஷம் முறை வந்துவிடும் என்று அவன் ஜனவரியிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தான். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தான். இருநூற்று நாற்பத்தேழு பவுண்டு. வயிறு ஸ்டியரிங்கில் தேய்ந்து தேய்ந்தே சட்டையில் ஒரு கோடு விழுந்திருந்தது. மருத்துவமனையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அன்றைக்கே முடிவெடுத்தான். ரொட்டி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, சோளம் கிடையாது, சீனி கிடையாது, பீர் கிடையாது. முட்டை, பன்றிக் கொழுப்பு, கறி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டைக்கோஸ். இதுதான் இனி உலகம்.

அவன் மனைவி நடீன் நாற்பது வருஷமாக மாவு பிசைகிற கை. அவள் சுடுகிற லவங்கப்பட்டை பன் சர்ச்சில் தட்டு வைத்த மறுநிமிஷம் காலியாகும்.

"கல்யாணத்தப்ப மாவும் நானும் சேந்துதான் வந்தோம். அதுல ஒண்ணை மட்டும் தள்ளி வைக்க முடியாது, வெர்லின்," என்றாள்.

"அக்டோபர் வரைக்கும்தான் நடீன்."

"அக்டோபர்ல நான் இருந்தா பாக்கலாம்."

காப்பியில் வெண்ணெயைப் போட்டு அவன் கலக்கிக் குடித்ததைப் பார்த்த அன்று முழுக்க அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முதல் பத்து நாள் தலைவலி, எரிச்சல், நாயோடுகூடச் சண்டை. அப்புறம் உடம்பு பிடித்துக்கொண்டது. பசி அடங்கியது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டான், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டான். ஜூனில் பெயர் விழுந்த கடிதம் வந்தபோது இருநூற்று ஒன்றில் நின்றான். சர்க்கரையும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது. பொய் சொல்லக் கூடாது, சாப்பாட்டு விஷயத்தில் அவன் பட்ட பாடெல்லாம் பலித்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

நடைப் பயிற்சியும் அப்படித்தான். ஊருக்குப் பின்னால் பழைய தீக்காவல் கோபுரம் நிற்கிற குன்றில் வாரம் நாலு நாள் ஏறினான். முதுகுப்பையில் நாலு லிட்டர் பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வான். பிப்ரவரியில் மூன்று கேன், ஆகஸ்டில் எட்டு. எட்டு கேன் என்றால் எல்க்கின் ஒரு தொடை கனம். உச்சிக்குப் போனதும் மூடியைத் திறந்து அத்தனை தண்ணீரையும் கொட்டிவிட்டு, காலிப் பையோடு கையை வீசிக்கொண்டு இறங்கி வருவான். வேட்டைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். ஏறுவதுதான் பயிற்சி, இறங்கும்போது எதற்கு வீணாக முட்டியைத் தேய்ப்பது என்று ஒரு நியாயம். சுற்றிலும் புல் கருகிக் கிடந்த ஆகஸ்ட் மாசத்தில் வெர்லின் தண்ணீர் கொட்டிய இடம் மட்டும் பாய் அகலத்துக்குப் பச்சையாக இருந்தது. அதைப் பார்க்க அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது.

டாயல் ப்ரூவிட்டின் கதைக்கு வருகிறேன். ஊர்க் கடையில் முப்பத்தெட்டு வருஷம் கறி வெட்டியவன். வெர்லினோடு முப்பத்து நாலு இலையுதிர்காலம் மலை ஏறியவன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு: சீட்டு யார் பெயரில் இருந்தாலும் கூட வேட்டைக்குப் போகிறவன் பாதிக் கறியைச் சுமப்பான். சுடுகிறவன் ஒருத்தன், சுமப்பவர்கள் இரண்டு பேர். அந்த ஆளுக்கு இங்கே 'மறுபக்கம்' என்றே பெயர். வெர்லினுக்கு டாயல்தான் மறுபக்கம். டாயலுக்கு அறுபத்தெட்டு வயது, வெர்லின் தொலைத்த தொப்பையை அவன் எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு வயிறு.

ஆகஸ்ட் கடைசியில் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். டாயல் முன்னால் வெள்ளைக் குழம்பில் மிதக்கிற ரொட்டியும் மலை மாதிரி உருளைக்கிழங்கு வறுவலும். வெர்லின் முன்னால் நாலு முட்டை.

"அக்டோபர் அஞ்சாந்தேதி மேல போறேன்," என்றான் வெர்லின்.

"போறோம்னு சொல்லு. மச்சினன்கிட்டப் பேசிட்டேன். மூணு கோவேறு கழுதை தர்றேங்கிறான்."

வெர்லின் டாயலின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாயல், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்குற மாதிரிதான் சொல்லப் போற. சொல்லு."

"உன்னால முடியாதுடா. முதல் மைல்லயே மூச்சு வாங்கும் உனக்கு."

"எனக்கு வாங்குனா என்ன, கழுதைக்கு வாங்காது."

"கழுதையெல்லாம் வேண்டாம். சொந்தக் கால்ல ஏறி, சொந்தக் கால்ல இறக்கணும். அதுக்குத்தான் எட்டு மாசமா ஒரு துண்டு ரொட்டி தொடாம கெடக்கேன். மேல போயி கறியோட உன்னையும் சேத்துச் சுமக்கவா?"

பக்கத்து மேஜையில் யாரோ கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. டாயலின் காது சிவந்தது. கடைசித் துண்டு ரொட்டியால் தட்டை நிதானமாகத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"முப்பத்து நாலு வருஷம் மறுபக்கம் பிடிச்சிருக்கேன்," என்றான். "இந்தத் தடவை யாரு பிடிப்பா?"

"என் முதுகு பிடிக்கும்."

"முதுகு பிடிக்கும். கால் பிடிக்கணுமே."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். வெர்லினுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. ஒல்லியானவனுக்கு வருகிற ஒரு திமிர் இருக்கிறதே, அது பிறவி ஒல்லிகளுக்கு வருவதில்லை, புதிதாக இளைத்தவனுக்குத்தான் வரும்.

அக்டோபர் ஐந்தாம் தேதி கிளம்பும்போது நடீன் ஒரு சின்னக் கருவியை அவன் பையில் திணித்தாள். சிக்னல் இல்லாத மலையிலிருந்தும் வானத்து வழியாகச் சேதி அனுப்புகிற கருவி.

"தெனம் ஒரு சேதி. இல்லன்னா நானே ஏறி வந்துருவேன்," என்றாள்.

நாலு மைல், மூவாயிரம் அடி ஏற்றம். வெர்லின் பறந்தான் என்றே சொல்லலாம். கூடாரம், உணவு, துப்பாக்கி எல்லாம் முதுகில், ஆனாலும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மூச்சு சீராக ஓடியது. இருதயம் நல்ல எஞ்சின் மாதிரி உறுமியது. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவனுக்கு நாற்பது வயதுதான். அவ்வளவு சந்தோஷமாக அவன் அதற்கு முன்னால் எப்போது இருந்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

மூன்றாம் நாள் விடிந்து சற்று நேரத்தில் கொம்பன் வந்தது. கொம்பில் பக்கத்துக்கு ஆறு கிளை. ஒரே குண்டு, இருபது அடி ஓடி விழுந்தது. வெர்லின் அதன் கழுத்தில் கை வைத்து உட்கார்ந்து அழுதான். இருபத்து மூன்று வருஷத்தையும் அழுது தீர்த்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அழுதிருப்பேன்.

அப்புறம் கத்தியை எடுத்தான். அந்த அக்டோபரில் பனி இறங்கவே இல்லை, காலை ஒன்பது மணிக்கே சட்டை வியர்வையில் ஒட்டியது. நாலு கால், முதுகுக் கறி, கழுத்துக் கறி எல்லாம் பிரித்துத் துணிப் பைகளில் போட்டு ஃபர் மர நிழலில் தொங்கவிட்டான். ஒரு வேலை மட்டும் பாக்கி. வெயில் காலத்தில் பின்னந்தொடையை எலும்பு வரைக்கும் நீளமாகக் கிழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைந்த சூடு எலும்பிலிருந்து கறியைப் புளிக்க வைத்துவிடும். முப்பத்து நாலு வருஷமாக அதை டாயல்தான் செய்வான், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பூப்போலக் கிழிப்பான். வெர்லின் சூரியனைப் பார்த்தான். முதல் பாரத்தை அடிவாரத்தில் நிற்கும் தன் பிக்கப் வண்டியில் போட்டுவிட்டு இருட்டுவதற்குள் ஏறி வந்துவிடலாம், வந்து கிழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

முன்னங்கால் ஒன்றும் முதுகுக் கறியும். எழுபத்தைந்து பவுண்டு. பையை மாட்டி எழுந்தான். இறங்கத் தொடங்கினான்.

முதல் அரை மைல் தெரியவில்லை. அப்புறம் தொடை நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் பாரம் பின்னாலிருந்து தள்ளியது, ஒவ்வொரு அடிக்கும் கால் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. வெர்லினுக்குப் புரியவில்லை. மூச்சு நன்றாக இருந்தது. இருதயம் நன்றாக இருந்தது. பசிகூட இல்லை. எல்லாம் சரியாக இருக்கும்போது கால் மட்டும் ஏன் யாரோ ஒருத்தனுடைய கால் மாதிரி ஆடுகிறது? பாறைத் துண்டுகள் படிக்கட்டுபோல இறங்கும் இடத்தில், இரண்டாவது மைல் முடிகிற தறுவாயில், வலது முட்டிக்குள் பச்சை விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்த அடி விழவில்லை, அவன்தான் விழுந்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதேதான். கால்சட்டைக்குள் முட்டி பூசணிக்காயாகிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு.

பையிலிருந்து கருவியை எடுத்தான். டாயல் வீடு மலையடிவாரத்திலிருந்து ஒரு மணி நேரம். இப்போது சேதி போனால் கழுதைகளை ஏற்றிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான். வந்து தொடையைக் கிழித்துவிடுவான், ராத்திரிக் குளிரில் கறி பிழைத்துக்கொள்ளும். இது வெர்லினுக்கு நன்றாகத் தெரியும். 'முட்டி போச்சு. கழுதைங்களோட வா' என்று எழுதினான். எழுதியதைப் பார்த்தபடியே இருந்தான். சாப்பாட்டுக் கடையும், கரண்டியைக் கீழே வைத்த சத்தமும், டாயலின் சிவந்த காதும் கண்முன்னால் வந்தன. அழித்தான். நடீனுக்கு வேறொன்று எழுதினான்: 'சுட்டாச்சு. பெருசு. எல்லாம் நல்லா இருக்கு.' அதை அனுப்பினான்.

ஒரு கிளையை ஒடித்து ஊன்றிக்கொண்டு இறங்கிப் பார்த்தான். பாரத்தோடு முடியவில்லை. பாரத்தை வைத்துவிட்டு ஏறிப் பார்த்தான், மேலே போய்த் தொடையையாவது கிழித்துவிடலாம் என்று. அதுவும் முடியவில்லை. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பார்கள். வெர்லினுக்கு எருதும் முடவனும் ஒரே உடம்பில் வாய்த்திருந்தார்கள். சாயங்காலம் வரை முந்நூறு அடி தூரம் இழுத்துக்கொண்டு போயிருப்பான், அதுவும் எந்தப் பக்கம் என்று அவனுக்கே குழப்பம். அந்த ராத்திரியை அவன் எப்படிக் கழித்தான் என்று சொல்லி என்ன ஆகப் போகிறது. குளிரே இல்லை, அதுதான் கொடுமை. விடிந்து ஏழு மணிக்கு அழித்த சேதியை மறுபடி எழுதினான். இந்தத் தடவை அனுப்பினான்.

உச்சி வெயிலில் கழுதைகளின் மணிச் சத்தம் கேட்டது. முன்னால் வந்த கழுதை மேலே டாயல், முகம் தக்காளி மாதிரி, சட்டை நனைந்திருந்தது. இறங்கவே அவனுக்கு இரண்டு தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்தது.

"எந்தக் காலு?"

"வலது."

"எப்போ?"

வெர்லின் ஓடைப் பக்கம் பார்த்தான். "நேத்து மத்தியானம்."

டாயல் தண்ணீர்ப் பாட்டிலை அவனிடம் நீட்டினான்.

"நேத்து சாயங்காலம் நடீன் போன் பண்ணுனா," என்றான். "எல்லாம் நல்லா இருக்காம் டாயல்னு சொன்னா. அவ அவ்வளவு சந்தோசமாப் பேசி ரொம்ப நாளாச்சு."

"என்னை விடு. கறியைப் போய்ப் பாரு."

"பின்னந்தொடை கிழிச்சுட்டியா?"

வெர்லின் தன் பூட்ஸையே பார்த்தான். டாயல் வெர்லினின் பையைத் திறந்து முதுகுக் கறியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தான், மறுபடி உள்ளே வைத்துக் கட்டினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுதை மேல் ஏறி மலைக்குப் போனான்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தான். இரண்டு கழுதைகளில் வெள்ளைத் துணிப் பைகள், அதில் ஒன்றின் மேல் கொம்போடு தலை. ஒரு பை விட்டுப் போகவில்லை. சுட்ட கறியை மலையில் விட்டுவிட்டு வருவது இங்கே சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அப்படி விட்டு வந்தவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் காப்பி ஊற்ற மாட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்றான் வெர்லின்.

"நல்லா இருக்கு."

"நெசமாவா?"

"முப்பத்தெட்டு வருஷம் கறி வெட்டுனவன்டா நான். எனக்குத் தெரியாதா?"

வெர்லினைத் தூக்கி மூன்றாவது கழுதையில் ஏற்றுவதற்குள் இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. டாயல் முன்னால் கயிற்றைப் பிடித்து நடந்தான், அவனுக்குப் பின்னால் கறிக் கழுதைகள், கடைசியில் வெர்லின். காற்று கீழேயிருந்து மேலே அடித்தது.

முதல் திருப்பத்திலேயே வாசனை வந்துவிட்டது. லேசான புளிப்பு, அதற்கடியில் வேறொன்று. ஒரு தடவை முகர்ந்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். வெர்லின் மூச்சை அடக்கிப் பார்த்தான். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? டாயல் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனான்.

"இந்த நடுவுல வர்றது இருக்கே, இதுக்குப் பேரு டீக்கன். எங்க மச்சினன் சர்ச்சுக்குப் போறதே இல்ல, கழுதைக்கு வெச்சிருக்கான் பாரு சர்ச்சுப் பெரியவர் பேரை."

"நல்ல கழுதை," என்றான் வெர்லின்.

"நல்ல கழுதைதான். ஒதைக்காது."

இரண்டு மைலும் இப்படியே போயிற்று. கழுதையைப் பற்றி, மச்சினன் வீட்டுக் கூரையைப் பற்றி, இந்த வருஷம் பனி வராததைப் பற்றி. கறியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டாயலுக்குத் தெரியும் என்பது வெர்லினுக்குத் தெரியும். வெர்லினுக்குத் தெரியும் என்பது டாயலுக்கும் தெரியும்.

டாயல் நடந்து இறங்கினான் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தனை பெரிய வயிற்றோடு, மூச்சு வாங்க வாங்க, பத்தடிக்கு ஒரு தரம் நின்று, ஆனால் ஒரு தரமும் கால் தவறாமல் இறங்கினான்.

அடிவாரத்தில் கறியை வெர்லினின் பிக்கப்பில் ஏற்றி முடித்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கழுதைகளை ஏற்றிய வண்டியை, கீழே காத்திருந்த டாயலின் மச்சினன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பள்ளத்தாக்குச் சாலையில் ஒரு கவட்டைப் பிரிவு உண்டு. வலது பக்கம் ஊர், டாயலின் பழைய கடை, அங்கே குளிர் அறை. இடது பக்கம் மேட்டு மேலே ஒரே ஒரு இடம்தான், செத்த மாடுகளைக் கொண்டு போடுகிற குழி. டாயல் கவட்டையில் ஒரு நொடி நிறுத்தினான். அப்புறம் இடது பக்கம் திருப்பினான்.

குழி ஓரத்தில் வண்டியைப் பின்னோக்கி நிறுத்திவிட்டு டாயல் இறங்கினான். வெர்லினால் இறங்க முடியவில்லை, கதவைத் திறந்துவைத்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். ஒவ்வொரு பையாக விழுந்தது. பின்னந்தொடைகள் விழுந்த சத்தம் தனியாகத் தெரிந்தது. நடீன் அந்தக் கறிக்காகப் போன வாரமே ஃப்ரீசரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

டாயல் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"ஜூலையில உன்னை அந்தக் கோபுரக் குன்றுல பாத்தேன். சாலையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வெள்ளாடு மாதிரி ஏறுன. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. அந்தக் காலு எப்படிடா போச்சு?"

"தெரியல. ஏறுறப்ப ஒண்ணுமே இல்ல. எறங்குறப்பதான்."

"குன்றுல எறங்குறப்ப எப்படி இருந்துச்சு?"

"குன்றுலயா? அங்க காலிப் பைதான. தண்ணியெல்லாம் மேலயே கொட்டிருவேன். முட்டிக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

டாயல் அவனையே பார்த்தான். கிண்டல் பண்ணப் போகிறான் என்று வெர்லின் நினைத்தான். பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மரலாரி எத்தனை வருஷம் ஓட்டுன?"

"முப்பத்தொண்ணு."

"மேல போறப்ப?"

"காலி," என்றான் வெர்லின்.

அடுத்த கேள்வியை டாயல் கேட்கவில்லை. வெர்லின் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். அந்த எறக்கப் பாடத்தை எத்தனை பயல்களுக்குச் சொல்லியிருப்பான். ஒவ்வொருத்தன் தோளையும் தட்டிச் சொல்லியிருப்பான். எட்டு மாசம், வாரம் நாலு நாள், அவனே ஏற்றத்தில் பாரம் ஏற்றி இறக்கத்தில் காலியாக வந்திருக்கிறான்.

"தலையை என்ன பண்ண?" என்றான் டாயல் கடைசியில்.

"கறியோட போகட்டும்."

"இருபத்து மூணு வருஷம்டா. யோசிச்சுச் சொல்லு."

"கறி குழியில கெடக்கு. தலையை எந்தச் சுவத்துல மாட்டுவேன்? எவனாவது கேட்டா என்ன சொல்லுவேன்?"

டாயல் தலையைத் தூக்கப் பார்த்தான். கொம்பு அகலம், ஒருத்தன் கைக்கு அடங்காது, மலையில் பாறைமேல் உருட்டித்தான் கழுதைமேல் ஏற்றியிருந்தான். எந்தக் காலத்திலும் இரண்டு பேர்தான் தூக்கியிருக்கிறார்கள், இந்தப் பக்கக் கொம்பு ஒருத்தன், அந்தப் பக்கக் கொம்பு ஒருத்தன். டாயல் இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், அந்தப் பக்கத்தைப் பார்த்துக் காத்து நின்றான். அப்புறம்தான் நினைவு வந்தது. வெர்லின் இருக்கையின் விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான், முட்டி விடவில்லை, மறுபடி உட்கார்ந்தான். டாயல் ஒற்றைக் கொம்பைப் பிடித்து மண்ணில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினான். திரும்பி வரும்போது ஒரு கை நெஞ்சு மேல் இருந்தது.

"என்னடா?" என்றான் வெர்லின்.

"ஒண்ணுமில்ல. மூச்சு."

ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆசுவாசப்படுத்திக்கொண்டான். பின்சீட்டில் போட்டிருந்த தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வெர்லின் மடியில் வைத்தான்.

"நடீன் குடுத்தா. நேத்துலேருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்ட."

ரொட்டிக்குள் கறி வைத்த சாண்ட்விச். வெர்லின் அதைப் பிரித்தான். மேல் ரொட்டியை எடுத்து ஓரமாக வைத்தான், கறியை உருவி எடுத்துத் தின்றான், கீழ் ரொட்டியையும் காகிதத்தில் வைத்தான். ஒன்பது மாசப் பழக்கம், கை தானாகச் செய்தது. டாயல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தின்று முடித்த பிறகுதான் மடியில் இரண்டு ரொட்டித் துண்டுகள் கிடப்பதை வெர்லின் கவனித்தான். நடீன் கையால் சுட்டது. இனி எதற்காக இதை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தான். ஒரு காரணமும் தோன்றவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தான். ஜனவரியிலிருந்து கனவில் வந்த ருசி, வாயில் சக்கையாகத்தான் இருந்தது. அதையும் தின்றான், இன்னொன்றையும் தின்றான், காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"நடீன்கிட்ட என்ன சொல்ல?" என்றான்.

"கறியைப் பத்தியா, காலைப் பத்தியா?"

"நேத்து அனுப்புன சேதியைப் பத்தி."

டாயல் வண்டியைக் கிளப்பினான். குழி மேட்டிலிருந்து ஊர்ச் சாலைக்கு நல்ல இறக்கம். டாயல் கியரைக் குறைத்து மெதுவாக விட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்லினின் வலது கால், முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில், அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கப் போனது. முட்டி வளையவில்லை.